ஆற்றல்: தேநீரிலும் கொடிமலையிலும் ஒரு சொல்

பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை அறிவியல் பாடத்தில் 'சக்தி' என்று கற்கிறது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதையே மலாய்மொழியில் 'தெனாகா' என்று எழுதுகிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் தந்தை, 'உடம்பில் எனர்ஜியே இல்லை' என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் அமர்கிறார். தமிழ்நாட்டில் அச்சான அறிவியல் நூல் ஒன்றைப் பிரித்தாலோ அங்கே 'ஆற்றல்' என்று இருக்கிறது. நான்கும் ஒரே பொருளைக் குறிப்பவையா, குறிப்பவையெனில் தமிழில் எழுதும்போது எதை எடுப்பது என்று அப்பிள்ளை கேட்டால், தெளிவாக விடை சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம். என் விடை 'ஆற்றல்' என்பதே. அதற்கான காரணத்தை அச்சொல்லின் வேரிலிருந்தே காட்ட முடியும்.

'ஆற்று' என்னும் வினை இன்றும் நம் வாயில் உயிரோடு இருக்கிறது. கடமை ஆற்றுகிறோம், பணி ஆற்றுகிறோம், உரை ஆற்றுகிறோம்; இங்கெல்லாம் அது 'செய்து முடித்தல்' என்று பொருள்படும். செய்ய இயலாத நிலையை ஆற்றாமை என்கிறோம். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடையில், தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயரத்திலிருந்து ஊற்றுவதையும் 'ஆற்றுதல்' என்றே சொல்கிறோம். மலாய்க்காரர்கள் அதில் இழுப்பதைக் கண்டு 'தே தாரிக்' என்றார்கள், தமிழர் சூடு தணிவதைக் கண்டு ஆற்றுதல் என்றார்கள். காலை உணவு உண்பதை மலேசியத் தமிழர் 'பசியாறுதல்' என்பதும் இக்குடும்பத்துச் சொல்தான். 'பசியாறிட்டீங்களா?' என்று ஒருவரை ஒருவர் கேட்கும் ஊரில் இந்த வினையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

பெயர்ச்சொல்லாகிய 'ஆற்றல்' மிகப் பழையது. 'ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல் அப்பசியை மாற்றுவார் ஆற்றலின் பின்' என்னும் 225ஆம் குறளில் அது மூன்று முறை வருகிறது. முதலிலும் இறுதியிலும் வலிமை என்ற பொருளைத் தாங்கும் அதே சொல், நடுவில் பசியைப் பொறுத்துக்கொள்ளுதல் என்ற பொருளில் நிற்கிறது. செய்யும் வலிமையும் தாங்கும் வலிமையும் ஒரே சொல்லுக்குள் இருந்தன என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. அறிவியல் பின்னாளில் இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது அதன் பொருளை வளைக்க வேண்டியிருக்கவில்லை. வேலை செய்வதற்கான இயலுமை என்று வரையறுத்து, அதற்கு ஓர் அளவையும் கொடுத்தால் போதுமானதாக இருந்தது.

வியப்பு என்னவெனில், 'எனர்ஜி' என்ற சொல்லின் பிறப்பும் இதைப் போன்றதே. அரிஸ்டாட்டில் கையாண்ட 'எனெர்கெயா' என்னும் கிரேக்கச் சொல்லுக்குள் 'எர்கோன்', அதாவது வேலை, இருக்கிறது. வேலையில் ஈடுபட்டிருக்கும் நிலை என்பது அதன் நேர்ப்பொருள். இயற்பியலில் அதை ஓர் அளவின் பெயராக ஆண்டவர் தாமஸ் யங். 1807இல் வெளிவந்த தம் விரிவுரைகளில், நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கி வரும் மதிப்பை அவர் அப்பெயரால் குறித்தார். ஒரு பொருள் இருக்கும் இடத்தால், எடுத்துக்காட்டாக உயரத்தால், அதில் தங்கியிருக்கும் ஆற்றலை நிலையாற்றல் என்கிறோம்; அக்கருத்துக்கு 1853இல்தான் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் ஒரு பெயரிட்டார். ஆக, ஐரோப்பியரிடமும் இச்சொல் அறிவியலுக்குள் நுழைந்து இருநூறு ஆண்டுகளும் சில ஆண்டுகளுமே ஆகின்றன.

இந்த வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் ஓர் இடம் உண்டு. பாடநூல்கள் அதை விரிவாகச் சொல்லாதது எனக்கு வருத்தமே. யூலியஸ் ராபர்ட் மாயர் என்னும் இளம் ஜெர்மானிய மருத்துவர், டச்சுக் கப்பலொன்றின் மருத்துவராக 1840இல் சாவகத்தீவின் சுராபாயாவுக்கு வந்தார். அங்கே கப்பல் ஊழியர்களுக்கு இரத்தம் எடுத்தபோது, கருமையாக இருக்க வேண்டிய சிரை இரத்தம் எதிர்பாராத அளவுக்குச் சிவந்திருப்பதைக் கண்டார். வெப்ப நாட்டில் உடல் தன் சூட்டைக் காக்கக் குறைந்த அளவே உணவை எரிக்க வேண்டியிருக்கிறது, அதனால் இரத்தத்தில் உயிர்வளி மிஞ்சுகிறது என்று அவர் எண்ணினார். உணவு, உடற்சூடு, உடல் செய்யும் வேலை ஆகியவை ஒன்றுக்கொன்று ஈடாக மாறக்கூடியவை என்ற முடிவுக்கு அந்த எண்ணம் அவரைக் கொண்டுசென்றது. அதை 1842இல் வெளியிட்டார். நம்மைப் போன்ற புழுக்க நாட்டில் பிறந்த சிந்தனை அது.

ஆனால் மாயர் எழுதிய சொல் 'க்ராஃப்ட்'. 1847இல் ஜெர்மானிய அறிவியலர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலும் அதே ஜெர்மன் சொல்தான் இருந்தது. அதற்கு விசை என்றும் பொருள், வலிமை என்றும் பொருள். ஒரே சொல் பல அளவுகளைச் சுமந்தால் சிந்தனை குழம்பும் என்பதை அவர்கள் மொழியும் பட்டே அறிந்தது.

'சக்தி' என்ற சொல்லில் நமக்கு இருப்பதும் அதே சிக்கல்தான். அது வடமொழியில் 'இயலுதல்' எனப் பொருள்படும் 'சக்' என்னும் வேரிலிருந்து வந்தது. பழந்தமிழ் நூல்கள் அதைச் 'சத்தி' என்று எழுதின. வேர்ப்பொருளில் அதற்கும் ஆற்றலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இலங்கைத் தமிழர் 'சக்தி, வலு, விசை' என்று மூன்றையும் பிரித்து ஒழுங்காகவே பாடம் நடத்துகிறார்கள். ஆகவே தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் உள்ள சொல்லைப் பிழை என்று சொல்ல நான் துணியமாட்டேன். எனினும் பேச்சிலும் செய்தித்தாளிலும் சக்தி என்பது விசைக்கும், திறனுக்கும், அம்மனின் அருளுக்கும், அரசியல் பலத்துக்கும் ஒருசேர வழங்குகிறது. இதே வடசொல் மலாய்மொழிக்குள் 'சக்தி' என்றே போய், மந்திர வலிமை என்ற பொருளில் நின்றுவிட்டது. மலாய்க்காரர்கள் அறிவியலுக்கு அதை எடுக்காமல், ஆற்றலுக்குத் 'தெனாகா', விசைக்கு 'டாயா', திறனுக்குக் 'குவாசா' என்று மூன்று சொற்களை வகுத்துக்கொண்டார்கள். 1990 முதல் நம் வீட்டுக் கரண்டு பில்லில் 'தெனாகா' என்னும் சொல் நிறுவனப் பெயராகவே அச்சாகி வருகிறது. நாமும் ஆற்றல், விசை, திறன் என மூன்றையும் பிரித்து ஆண்டால், இரு மொழியிலும் படிக்கும் பிள்ளைக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

இந்தப் பிரிவு ஏன் வேண்டும் என்பதைப் பினாங்கின் கொடிமலையில் காட்டலாம். ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து 1923 முதல் ஏறியிறங்கும் மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். மேல் நிலையம் அடிவாரத்தைவிட 700 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கணக்குக்காகக் கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் மேலே சென்றதும் அவர் பெறும் நிலையாற்றல் ஏறத்தாழ 4,12,000 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) ஆகும். ரயிலில் ஏறினாலும் காட்டுப்பாதையில் நடந்து ஏறினாலும் இந்த ஆற்றல் ஒன்றே. பத்து நிமிடத்தில் ஏற்றினால் அதற்கு வேண்டிய திறன் 690 வாட். இரண்டரை மணி நேரம் நடந்தால் 46 வாட். ஆற்றல் என்பது மொத்தக் கணக்கு, திறன் என்பது அதைச் செலுத்தும் வேகம். 'அதிகச் சக்தி வேண்டும்' என்று பொதுப்படச் சொன்னால் இவ்விரண்டில் எதைக் குறிக்கிறோம் என்பது கேட்பவருக்கு விளங்காது.

அந்த ரயிலின் அமைப்பே ஆற்றல் கைமாறுவதற்கு நல்ல பாடம். ஒரே வடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள் கட்டப்பட்டிருக்கின்றன; ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுகிறது. இறங்கும் பெட்டி இழக்கும் நிலையாற்றல் ஏறும் பெட்டிக்குப் போய்ச் சேருவதால், இரண்டுக்கும் உள்ள எடை வேறுபாட்டையும் உராய்வையும் ஈடுகட்டினால் மோட்டாருக்குப் போதும். நடந்து ஏறுபவருக்கு இந்த உதவி இல்லை. அவர் காலையில் உண்ட சோற்றிலிருந்துதான் எல்லாம் வர வேண்டும். 4,12,000 ஜூல் என்பது 98 கிலோ கலோரி. நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கிலோ கலோரி வேதியாற்றலாகச் சேர்ந்திருக்கிறது. உணவில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கைத்தான் தசை வேலையாக மாற்றும் என்பதால், நாசி கண்டார் எனும் குழம்புச் சோற்றுத் தட்டில் கைப்பிடிச் சோறு போதாது; மீதி மூன்று பங்கும் வியர்வையோடும் மூச்சோடும் சூடாக வெளியேறுகிறது. தைப்பூச இரதத்தின் முன் தேங்காய் உடைப்பவர் கையிலும் இதுவே நிகழ்கிறது: உணவின் ஆற்றல் தோளின் வழியாகத் தேங்காயின் வேகமாகி, ஓடு சிதறுவதிலும் ஓசையிலும் சாலைக்கல்லின் சிறு சூட்டிலும் பங்கிடப்பட்டுவிடுகிறது.

இனி 'சேமிப்பு' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விளக்கை அணைத்துவையுங்கள் என்று சொல்லும் சுவரொட்டியில் 'ஆற்றல் சேமிப்பு' என்கிறார்கள். மின்கலத்தில் ஆற்றலை வைத்திருப்பதையும் 'ஆற்றல் சேமிப்பு' என்கிறார்கள். ஆற்றல் ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை என்ற இயற்கை விதியையும் சிலர் 'ஆற்றல் சேமிப்பு விதி' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். மூன்றும் வெவ்வேறு. முதலாவது சிக்கனம். இரண்டாவதே சேமிப்பு. மூன்றாவது யாரும் முயன்று செய்வதன்று. எவரும் மீற முடியாத கணக்கு. அதற்கு 'ஆற்றல் மாறா விதி' என்று தமிழ்நாட்டுப் பாடநூலில் வழங்கும் பெயரே தகும். இங்கும் மலாய்மொழி தெளிவாகவே இருக்கிறது: சிக்கனத்துக்குப் 'பெஞ்சிமாத்தான்', இருப்பு வைப்பதற்குப் 'பெஞ்ஞிம்பானான்', விதிக்குக் 'கெஅபாடியான்', அதாவது என்றும் நிலைத்திருத்தல். விதியின் பெயரிலேயே சேமிப்பு என்று படித்த பிள்ளை, 'ஆற்றல் அழியாது என்றால் விளக்கை ஏன் அணைக்க வேண்டும்?' என்று கேட்பது இயல்பு. அழியாவிட்டாலும் அது மீண்டும் திரட்ட முடியாத சூடாகப் பரவிவிடுகிறது என்பதே அதற்கு விடை. பரவுவதைத் தடுக்கத்தான் சிக்கனம்.

'எரிசக்தி' என்ற சொல்லையும் அளவோடு ஆள வேண்டும். நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் அது பொருந்தும். கூரைமேல் விழும் வெயிலுக்கும் அணையிலிருந்து இறங்கும் நீருக்கும் 'சூரிய எரிசக்தி', 'நீர் எரிசக்தி' என்று எழுதுவது பொருந்தாது. நம் பக்கத்தில் அங்கே எதுவும் எரியவில்லை. சூரிய ஆற்றல், நீராற்றல் என்றால் சுருக்கமாகவும் சரியாகவும் இருக்கும்.

மீண்டும் மாமாக் கடைக்கு வருகிறேன், ஏனெனில் ஆற்றலும் ஆற்றுதலும் அங்கேதான் ஒன்றாகச் சந்திக்கின்றன. விழும் எடைகளைக் கொண்டு நீரைக் கலக்கி, அதனால் நீர் சூடாவதை 1840களில் ஆங்கிலேய இயற்பியலர் ஜூல் அளந்து காட்டினார்; ஆற்றலின் அலகுக்கு அவர் பெயரே வழங்குகிறது. நம் கடைக்காரர் தேநீரை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றும்போது அதே நிகழ்ச்சிதான் நடக்கிறது: விழுந்த வேகம் குவளையில் சுழன்று அடங்கி, தேநீரின் சூட்டை ஏறத்தாழ 0.0023 பாகை செல்சியஸ் உயர்த்துகிறது. அதே கணத்தில், விரிந்து நீண்ட அந்தத் தாரையின் பரப்பிலிருந்து காற்றுக்கும் ஆவிக்கும் போகும் வெப்பம் அதைப் போலப் பல மடங்கு. அதனால் தேநீர் ஆறுகிறது. அது இழந்த ஆற்றல் முழுவதும் கடையின் காற்றில் இருக்கிறது.