கிரே கிச்சன் போடுகிறவர்களே, முதலில் உங்கள் தரையைப் பாருங்கள்

போன சனிக்கிழமை காலையில் ஒரு போன். சென்னை பெரும்பாக்கத்தில் புதிதாகக் குடிபோன வீடு. "ஆசைப்பட்டு கிச்சன் முழுக்க கிரே போட்டோம். இப்போது பார்த்தால் வயலெட்டாகத் தெரிகிறது. தப்பான கலர் அனுப்பிவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஒரு நடை வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் அந்த வீட்டம்மா. போய்ப் பார்த்தேன். கலர் தப்பில்லை. ஷேட் கார்டில் அவர் டிக் அடித்த அதே எண்தான் ஷட்டரின், அதாவது கப்போர்டு கதவின், பின்பக்க ஸ்டிக்கரிலும் இருந்தது. இந்த வருடத்தில் எனக்கு இது நான்காவது வீடு. அதனால்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அந்த வீட்டின் அமைப்பு ஓஎம்ஆர் பக்கத்து ஃபிளாட்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பதுதான். ஹால், டைனிங், கிச்சன் எல்லாம் ஒரே நீளம், நடுவில் சுவர் கிடையாது. பில்டர் போட்டுக் கொடுத்த தரை, இரண்டுக்கு இரண்டு அடி கிரீம் கலர் விட்ரிஃபைட் டைல்ஸ், நல்ல பளபளப்பு. அதன்மேல் நீலம் சாய்ந்த வெளிர் கிரே அக்ரிலிக் ஷட்டர். சீலிங்கில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி (கெல்வின் எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் சாயும், குறையக் குறைய மஞ்சள் சாயும்). இந்த மூன்றும் சேர்ந்தால் வயலெட் வரத்தான் செய்யும்.

"கிரே நியூட்ரல், எதோடு வேண்டுமானாலும் செட் ஆகும்." ஷோரூமில் சொல்கிறார்கள், ரீல்ஸில் சொல்கிறார்கள், என் தொழிலில் இருப்பவர்களே சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கலந்த சுத்தமான கிரே ஷேட் கார்டில் கிடைப்பது அபூர்வம். கடையில் கிரே என்று காட்டுவதில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கொஞ்சம் நீலமோ பச்சையோ வயலெட்டோ பழுப்போ ஒளிந்திருக்கும். சாம்பிளைக் கையில் தனியாகப் பிடித்துப் பார்க்கும்போது அது தெரியாது. வெள்ளை ஏ4 தாளின் மேல் வைத்துப் பாருங்கள், பாதி வெளிவந்துவிடும். மீதிப் பாதியை வெளியே கொண்டுவருவது பக்கத்தில் இருக்கும் நிறம். ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதன்மேல் தனக்கு எதிரான நிறத்தை ஏற்றிக் காட்டும். மஞ்சளுக்கு எதிர் வயலெட். கிரீம் டைல் என்பது வெளிர்ந்த மஞ்சள்தானே? அதன்மேல் நீலம் சாய்ந்த கிரேயை நிறுத்தினால் வேறென்ன தெரியும்?

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பாரிஸில் கோபெலின் என்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பாளராக இருந்தார். கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. பரிசோதித்தால் சாயத்தில் குறையில்லை. அந்தக் கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் அதை மங்கலாகக் காட்டின. அதை விரிவாக ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். அன்று நூலுக்கு வந்த அதே புகார்தான் இன்று ஷட்டருக்கு வருகிறது.

பெரும்பாக்கம் வீட்டில் நான் வாயால் விளக்கவில்லை. ஏதோ கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் தாம்பூலப் பை ஒன்று மேடைமேல் கிடந்தது. கையிலிருந்த கிரே லேமினேட் சாம்பிளை இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றை அந்தப் பைமேலும் இன்னொன்றை ஒரு நீல டவல்மேலும் வைத்தேன். பைமேல் இருந்தது வயலெட்டாகத் திரும்பியது. டவல்மேல் இருந்தது லேசாகப் பழுப்படித்தது. "ரெண்டும் ஒரே துண்டுதானா?" என்று அந்த அம்மா மூன்று தடவை கேட்டார். அப்புறம் அவரே இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்திருந்தால் அவருக்கு அந்தச் சனிக்கிழமை அழுகை வந்திருக்காது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் தரை, அப்புறம் ஷட்டர், கடைசியில் சுவர் பெயின்ட். பெயின்ட் ஆயிரக்கணக்கில் ஷேடு கிடைக்கும், டைல் அப்படிக் கிடைக்காது. தரை ஏற்கெனவே கிரீம் அல்லது பீஜ் என்றால், பழுப்பு சாய்ந்த கிரேதான் பொருந்தும். கடையில் அதை 'கிரேஜ்', 'டோப்' என்பார்கள். மரநிற டைல் போட ஆசை என்றால், அதன் பக்கத்தில் கிரே இன்னும் நீலமாகும். அது உங்களுக்குப் பிடித்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் தெரிந்து போடுங்கள். போனில் பார்த்த படத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

லைட். ஓபன் கிச்சனில் ஹாலுக்கு 3000 கெல்வின், கிச்சனுக்கு 6500 கெல்வின் என்று போட்டால் ஒரே ஷட்டர் இரண்டு பக்கமும் இரண்டு கலராகத் தெரியும். எல்லா இடத்திலும் 4000 போடுங்கள். பெட்டியில் சிஆர்ஐ 90 என்று இருந்தால் இன்னும் நல்லது, நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண் அது.

இனி, நிறத்தைவிட எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு வீட்டில் தரை, ஷட்டர், சுவர் எல்லாமே ஒரே கிரே. படத்தில் அழகாகத்தான் இருந்தது. குடிபோன இரண்டாவது மாதம் அந்த வீட்டுப் பாட்டி சிங்க் முன்னால் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தரையில் தண்ணீர் இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன், எனக்கே தெரியவில்லை. பளபளக்கும் கிரே டைலில் ஜன்னல் வெளிச்சமும் தண்ணீரும் ஒரே மாதிரிதான் மின்னுகின்றன. கண்புரை இருக்கிறவர்களுக்குத் தரை எங்கே முடிகிறது, கப்போர்டு எங்கே தொடங்குகிறது என்பதே மங்கிவிடும்.

கிச்சனில் பாலிஷ் செய்த டைல் வேண்டாம். ஹாலில் போட்டதுதான் தொடர்ச்சியாக வர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அதே டைலில் மேட் ஃபினிஷ் கிடைக்கிறதா என்று கேளுங்கள். வழுக்குத் தரத்தை ஆர்9 முதல் ஆர்13 வரை குறிப்பார்கள். வீட்டுக் கிச்சனுக்கு ஆர்10 கேளுங்கள். அதற்கு மேலே போனால் சொரசொரப்பு கூடி, சிந்தின மாவும் மசாலாவும் இடுக்கில் ஏறிக்கொள்ளும், துடைக்கிறவருக்கு இடுப்பு போகும். தொழில்காரராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆர் எண், பூட்ஸ் போட்ட ஆளை எண்ணெய் ஊற்றிய சரிவுப் பலகையில் நடக்கவிட்டு எடுப்பது. நாம் கிச்சனில் வெறுங்காலோடு நிற்பவர்கள். வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனித் தரம் இருக்கிறது. கடைக்காரர் எண் சொன்னாலும், செருப்பைக் கழற்றிவிட்டு ஈர டைல்மேல் ஒருமுறை நின்று பார்த்தபின் வாங்குங்கள்.

தரைக்கும் ஷட்டருக்கும் நடுவே நல்ல வித்தியாசம் வையுங்கள். பெயின்ட், லேமினேட் விவரங்களில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும், வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதைச் சொல்வது. பார்வை குறைந்தவர்களுக்காக பிரிட்டனின் பிஎஸ் 8300 தரக் குறிப்பு 30 புள்ளி வித்தியாசம் கேட்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நான் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

"கிரேயில் அழுக்கு தெரியாது" என்பது அடுத்த நம்பிக்கை. அடர் கிரே பளபளப்புத் தரையில் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கால் தடம் வேறு. நடுத்தர கிரேயில், லேசாகப் புள்ளியோ திட்டோ இருக்கும் மேட் டைல்தான் அழுக்கைத் தாங்கும். டைல் இடுக்கை அடைக்கும் கிரவுட் வெளிர் கிரே என்றால், அதில் ஒரு தடவை மஞ்சள்தூள் சிந்தினால் போதும், கறை பிடித்துவிடும். அடுப்பு, சிங்க் பக்கம் எபாக்ஸி கிரவுட், டைலைவிட ஒரு ஷேடு அடர்த்தியாக. "பேப்பர் ஜாயின்ட்" வேண்டும் என்று டைல்ஸ் போடுகிற அண்ணனை வற்புறுத்தாதீர்கள், 2 மில்லிமீட்டராவது இடைவெளி விடட்டும்.

மரம் மாதிரி இருக்கும் லேமினேட் ஃப்ளோரிங் கிச்சனுக்குக் கூடாது. தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரத்தூள் பலகை ஊதும், அவ்வளவுதான். மார்பிள், கோட்டா கல், ஆத்தங்குடி டைல் மூன்றும் எனக்குப் பிடித்தவை, ஆனால் புளியும் எலுமிச்சையும் பட்டால் மேற்பரப்பு அரித்துப்போகும். சிந்தியதை உடனே துடைக்கிற வீடு என்றால் போடுங்கள். டைல் பெட்டிகள் எல்லாம் ஒரே பேட்ச் எண்ணா என்று இறக்கும்போதே பாருங்கள். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சியதை லாஃப்டில் போட்டு வையுங்கள்.

பெரும்பாக்கம் வீட்டில் எதையும் உடைக்கவில்லை. லைட்டை 4000-க்கு மாற்றினோம். ஷட்டருக்குக் கீழே தரையை ஒட்டி ஓடும் கிரே பட்டையை (ஸ்கர்டிங்) எடுத்துவிட்டுக் கறுப்பு வைத்தோம், கிரீமும் கிரேயும் ஒட்டி நிற்பது நின்றது. நீலச்சாயல் சுவருக்குப் பழுப்பு கலந்த வெள்ளை அடித்தோம். வயலெட் முழுதாகப் போகவில்லை. குறைந்தது, அந்த அம்மா ஏற்றுக்கொண்டார்.

டைல்ஸ் எடுக்கப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பிடித்த டைலில் ஒன்றே ஒன்றை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். சிங்க் வரப்போகும் இடத்தில் வைத்து, காலையிலும், சாயங்காலமும், லைட் போட்ட பிறகும் பாருங்கள். அப்புறம் அதன்மேல் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவரை ஹாலில் நிறுத்தி, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அவரால் காட்ட முடியாவிட்டால் அந்த டைலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.