முடி கொட்டினால் முதலில் யாரிடம் காட்டுவது?

முடிப் பிரச்சினையோடு தோல் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் எங்களைக் கடைசியாகத்தான் தேடி வருகிறார்கள். அதற்கு முன்பே சலூனில் சொன்ன ஷாம்பு, பார்மசியில் கேட்டு வாங்கிய கிரீம், டவுனில் புதிதாகத் திறந்த ஹெயார் சென்டரின் பெக்கேஜ் என்று ஒரு சுற்றுப் போய் வந்திருப்பார்கள். நாட்சம்பளத்தில் ஓடுகிற குடும்பத்துக்கு அது சின்னப் பணம் இல்லை. பணத்தைவிட எனக்குக் கவலை, அந்தச் சுற்றில் கரைந்துபோகிற மாதங்கள்.

முடி உதிர்வில் ஒரு வகை, எதைப் பூசினாலும் பூசாவிட்டாலும் தானாக மீண்டுவிடும். இன்னொரு வகையில் வேர் தழும்பாகிப் போகும். அப்புறம் எந்த மருந்தாலும் அந்த இடத்தில் முடி முளைக்காது. கண்ணாடியில் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்து, அல்லது பிள்ளை பெற்று, இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பயந்துபோய் ஏதாவது எண்ணெய் வாங்குவார்கள். வேறு குறை இல்லாவிட்டால் ஆறு மாத அளவில் கொட்டுவது தானாக நிற்கும். பெயர் எண்ணெய்க்குப் போகும். புழுவெட்டும் அப்படித்தான். அது புழுவால் வருவதில்லை, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருகிறது. ஓரிரு சின்ன வட்டங்கள் மட்டும் என்றால், பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே முளைத்துவிடும்.

தலையில் படர்தாமரை வரும் பிள்ளைகளின் கதை வேறு. ஒரு தாய் மகனைக் கூட்டி வந்து, "கட்டி பழுத்துருச்சு மிஸ், கீறி விட்டுருங்க" என்றார். பின்தலையில் பெரிய வீக்கம். தொட்டால் பஞ்சு மாதிரி அமுங்கியது. மேலே சீழ்ப் பொருக்கு, அதில் மஞ்சளும் ஏதோ இலைச் சாறும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஓரத்து முடியை மெல்லப் பிடித்தேன். பிள்ளை முகம் சுளிக்கவில்லை, முடி கையோடு வந்துவிட்டது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. அது கீற வேண்டிய கட்டியே இல்லை, பங்கசு என்ற பூஞ்சைக் கிருமியால் வந்த படர்தாமரை. பங்கசு முடிக்குள்ளேயே இருப்பதால் கிரீம் அங்கே எட்டாது. கிரிசியோஃபுல்வின் போன்ற மாத்திரையை ஆறு முதல் எட்டு வாரம், கொழுப்புள்ள சாப்பாட்டோடு குடிக்க வேண்டும். பார்மசியில் வாங்கும் ஸ்டீரொயிட் கிரீம் சிவப்பையும் அரிப்பையும் குறைத்துக் காட்டும். உள்ளே பங்கசு பரவிக்கொண்டிருக்கும். தாமதித்தால் அந்த இடம் தழும்பாகி, வாழ்நாள் முழுக்க வழுக்கையாகவே இருந்துவிடலாம். கூடப் படுக்கிற தம்பி தங்கை, ஒரே சீப்பால் வாரும் பக்கத்து லயத்துப் பிள்ளை, வீட்டுப் பூனைக்குட்டி என்று எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலருக்குக் கூடைக் கயிறு அழுத்துகிற உச்சியில் மட்டும் முடி மெலிந்திருக்கும். வருஷக்கணக்கான இழுப்பும் உராய்வும் செய்கிற வேலை அது. ஆரம்பத்திலேயே கயிற்றுக்கு அடியில் தடித்த துணி வைத்து, கயிறு படும் இடத்தையும் மாற்றிக்கொண்டால் மீளும், நாள்பட்டால் மீளாது. தலை முழுக்க மெலிந்திருந்தால் இரத்தச் சோகையையும் தைரொயிட்டையும் பார்க்காமல் விடக்கூடாது. எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச் சோகை நிறைய. அதற்கு வேண்டியது இரும்புச்சத்து மாத்திரை, விலை கூடிய சீரம் இல்லை.

ஆகவே முதலில் பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் ஓபீடீக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். காசு செலவில்லை. இரத்தச் சோகையையும் காய்ச்சலுக்குப் பிந்திய உதிர்வையும் அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். முடி போன இடத்தில் வலி, எரிச்சல், சீழ் இருந்தால், தோல் பளபளவென்று மாறியிருந்தால், தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கண்டி, பதுளை, நுவரெலியா என்று தூரம் போக வேண்டியிருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

தனியாரிடம் காட்டுவதென்றால், அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தோல் நோய் நிபுணர் என்றால் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பயிற்சி முடித்தவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆயுர்வேதத்தை நம்புகிறவர்களும் பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியரிடமே போங்கள். ட்ரைக்கொலஜிஸ்ட், அதாவது முடி ஆலோசகர் என்ற சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கினால் அவர் வைத்தியர் அல்ல. அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். சலூன்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். பின்தலை வட்டத்தை முதலில் காண்பது பெரும்பாலும் அவர்கள்தான். "டொக்டரிடம் காட்டு" என்று அனுப்புகிற சலூன்காரர் பெரிய உதவி செய்கிறார்.

யாராக இருந்தாலும் முடியை வகிர்ந்து தோலைப் பார்க்க வேண்டும். என்ன வேலை செய்கிறீர்கள், சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். விலையைச் சொல்வதற்கு முன் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். முடி வளர்வதற்கான மினொக்சிடில் மருந்தைக் கொடுத்தால், பலன் தெரிய நாலைந்து மாதமாகும், தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டலாம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று விளக்க வேண்டும். ஒரே மாதத்தில் முடி வளரும் என்று உறுதி தருகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கிளினிக்குக்கு வரும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். பிள்ளைக்கு மொட்டை அடித்துக் கூட்டி வராதீர்கள். பரிசோதனைக்கு முடியும் செதிலும் வேண்டும். இதுவரை பூசிய டியூப், போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை, யாரும் திட்ட மாட்டோம்.