பற்றுக்கூறு: தன்னுண்ணலை நடத்தும் குட்டிப் புரதத் துண்டு

செல் தனக்குள் இருக்கும் பழுதான உறுப்புகளையும் திரண்டுபோன புரதங்களையும் சவ்வால் சுற்றி, செரிக்கும் நொதிகள் நிறைந்த பையான லைசோசோமில் சேர்த்துச் செரித்துவிடுகிறது. இந்த வேலைக்கு 1963இல் கிறிஸ்டியான் டி டூவ் வைத்த பெயர் ‘ஆட்டோஃபேஜி’. கிரேக்கத்தில் ‘ஆட்டோ’ என்றால் தான், ‘ஃபாகெய்ன்’ என்றால் உண்ணுதல். தமிழில் ‘தன்னுண்ணல்’ என்கிறோம். பொருள் சிதையாமல் வந்துவிட்டது.

தன்னுண்ணல் ஆய்வில் இதோடு சேர்ந்து வரும் ‘மோட்டிஃப்’ என்ற சொல் அப்படி எளிதில் தமிழுக்கு வசப்படுவதில்லை. அதன் வேர் ‘மொவேரே’, அசைத்தல் என்ற லத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக வந்து, இசையிலும் ஓவியத்திலும் திரும்பத் திரும்ப வரும் சிறு வடிவத்துக்குப் பெயரானது. உயிர்வேதியியலுக்குத் தேவைப்பட்டது இந்தப் பொருள்தான்: வெவ்வேறு புரதங்களில் ஒரே சாயலில் தலைகாட்டும் சிறு அமினோ அமில வரிசை. இதைக் ‘கருப்பொருள்’ என்று பெயர்த்தால் தவறாகப் போகும். கருப்பொருள் நம் அகப்பொருள் இலக்கணத்தில் தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றைக் குறிக்கும் சொல்; நான்கு அமினோ அமிலங்களுக்கு அது பொருந்தாது.

ஆம், நான்கேதான். எல்சி3 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும், ஆய்வாளர்கள் ‘எல்ஐஆர்’ என்று அழைக்கும் வரிசையின் மையத்தில் முதலில் டிரிப்டோஃபான், ஃபீனைல்அலனின், டைரோசின் மூன்றில் ஒன்று. நடுவில் ஏதோ இரண்டு. கடைசியில் லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றில் ஒன்று. செரிக்க வேண்டியதைச் சவ்விடம் கொண்டுசேர்க்கும் பி62 என்ற புரதத்தில் இது டிரிப்டோஃபான், திரியோனின், ஹிஸ்டிடின், லியூசின் என்று அமைந்திருக்கிறது. அதற்கு முன்னால் வரிசையாக மூன்று ஆஸ்பார்டிக் அமிலங்கள். எதிரே இருப்பது, சுற்றும் சவ்வில் ஒட்டியிருக்கும் எல்சி3 புரதம். அதன் மேற்பரப்பில் நீரை ஒதுக்கும் இரண்டு குழிகள் உண்டு. ஒன்றில் டிரிப்டோஃபானும் மற்றதில் லியூசினும் போய் உட்கார, ஆஸ்பார்டிக் அமிலங்களின் எதிர்மின்னூட்டம் எல்சி3இன் நேர்மின்னூட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

இந்த வரிசை சில நொதிகளிலும் உண்டு. ஏடிஜி4பி ஒரு வெட்டும் நொதி. புதிதாக உருவான எல்சி3இன் வாலைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்கு அடுத்து நறுக்குவது அதன் வேலை. அந்தக் கிளைசின் வெளியே தெரிந்தால்தான் எல்சி3 சவ்வின் கொழுப்போடு சேர முடியும். பின்னால் கொழுப்பிலிருந்து அதைக் கழற்றுவதும் இதே நொதிதான். 393 அமினோ அமிலங்கள் கொண்ட ஏடிஜி4பியில், ஏறக்குறைய கடைசி நுனியில், 388 முதல் 391 வரை ஒரு எல்ஐஆர் இருக்கிறது. வெட்டும் மையம் அங்கே இல்லை. இருந்தும் அந்த நுனியைக் கெடுத்தால் எல்சி3இன் மீதான பிடி தளர்ந்து, வெட்டும் திறன் குறைகிறது. தன்னுண்ணலைத் தொடங்கிவைக்கும் யுஎல்கே1 நொதியிலும் ஒரு எல்ஐஆர் உண்டு. அதற்கு இணையான ஈஸ்ட்டின் ஏடிஜி1, உருவாகிவரும் சவ்வில் இதே பிடியால் தொற்றிக்கொள்கிறது. முடிவில், ஈஸ்ட்டில் லைசோசோமின் வேலையைச் செய்யும் நுண்குமிழிக்குள் போய்த் தானும் செரிக்கப்படுகிறது.

இந்தப் பிடி நிலையானதல்ல. ஆப்டிநியூரின் புரதத்தில் எல்ஐஆரை ஒட்டியிருக்கும் 177ஆம் செரினில் டிபிகே1 நொதி பாஸ்பேட் ஏற்றினால் பிடி இறுகும் என்று 2011இல் காட்டினார்கள். பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. பி62இல் ஆஸ்பார்டிக் அமிலங்கள் செய்யும் உதவியைத்தான் அது இங்கே செய்கிறது. பாஸ்பேட்டை நீக்கினால் பிடி மறுபடி தளரும்.

இதனால்தான் இந்த மோட்டிஃபைப் ‘பிணைப்புக்கூறு’ என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேதியியல் பாடத்தில் பிணைப்பு என்றதும் எலக்ட்ரான்களைப் பகிரும் சகப்பிணைப்புதான் நினைவுக்கு வரும். எல்சி3 கொழுப்போடு சேர்வது உண்மையிலேயே அப்படிப்பட்ட பிணைப்பு. அதை அறுக்க ஏடிஜி4பி போன்ற நொதி வேண்டும். எல்ஐஆர் செய்வதோ வெறும் பற்றுதல்: தானே பிடிக்கும், தானே விடும். ஒரே கட்டுரையில் இரண்டையும் எழுத வேண்டிவரும்போது இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வாசிப்பவர் குழம்பிப்போவார். ஆகவே ‘பற்றுக்கூறு’ என்பதே என் தேர்வு. எல்ஐஆரை ‘எல்சி3 பற்றுக்கூறு’ என்றும், ஈஸ்ட் ஆய்வாளர்கள் ‘எய்ம்’ என்பதை, எல்சி3க்கு இணையான ஈஸ்ட் புரதத்தின் பெயரால் ‘ஏடிஜி8 பற்றுக்கூறு’ என்றும் எழுதலாம்.

சரி, நான்கு அமினோ அமிலங்கள் பொருந்தும் இடமெல்லாம் பற்றுக்கூறா? இல்லை. இவ்வளவு குட்டி வரிசை எத்தனையோ புரதங்களில் தற்செயலாகவே வரும். பெரும்பாலானவை புரதத்தின் மடிப்புக்குள் புதைந்து எதையும் தொடாமல் கிடக்கும். கணினித் தேடலில் மட்டும் சிக்கியதை ‘ஒத்த வரிசை’ என்போம். முதல், கடைசி அமினோ அமிலங்களை அலனினாக மாற்றி, பிடி விட்டுப்போவதைச் சோதனையில் பார்த்த பிறகு பற்றுக்கூறு என்று எழுதலாம்.