லீவர் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் தோட்டாவைப் பேசுவோம்

"எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். வின்செஸ்டரா, மார்லினா, ஹென்றியா? நான் பென்சில்வேனியாவில் துப்பாக்கி பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மான் சீசன் நெருங்க நெருங்க என் மேசைக்கு லீவர்-ஆக்‌ஷன் ரைஃபிள்களாக (டிரிக்கரைச் சுற்றியுள்ள கைப்பிடியைக் கீழிறக்கி மூடி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) வந்து குவியும், கூடவே இந்தக் கேள்வியும் வரும். கம்பெனியைக் கடைசியில் பார்க்கலாம் என்று நான் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. எந்த மாநிலத்தில், எவ்வளவு தூரத்தில், எதைச் சுடப் போகிறீர்கள் என்று தெளிவாகிவிட்டால் தோட்டா எது என்று தெரிந்துவிடும், தோட்டா தெரிந்தால் துப்பாக்கி பாதி முடிவான மாதிரிதான். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள், பித்தளை உடம்பு பளபளக்கிறதே என்று ஒன்றை வாங்கிவிட்டு, நினைத்த இடத்தில் வேட்டைக்கு அது செல்லாது என்று தெரிந்து விற்க வருகிறார்கள்.

அதற்கும் முன்னால், நம் ஊர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் நமக்குப் பொருந்துவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ் கையில் இருக்க வேண்டும். கடையில் நிரப்பும் 4473 படிவத்திலும் இதைக் கேட்பார்கள். பலரும் கோட்டை விடுவது புதுப்பிக்கும் நேரத்தில்தான். இங்கே வேட்டை லைசன்ஸ் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. சீசன் முடிந்ததும் லைசன்ஸை மறந்துவிட்டு ரைஃபிளை மட்டும் அலமாரியில் வைத்திருந்தால், ஜூலை முதல் தேதியிலிருந்து நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதுவரை "நண்பன் சிட்டிசன், அவன் பெயரில் வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அது தனியாக ஒரு கூட்டாட்சிக் குற்றம். லைசன்ஸ் எடுக்க முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தாக வேண்டும். விசா இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், அந்த வகுப்பை உருப்படியாகக் கவனியுங்கள்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) கூடாது, அதனால்தான் லீவரும் பம்ப்பும் (பேரலுக்குக் கீழே உள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்து ஏற்றுவது) இங்கே இன்னும் இவ்வளவு செல்வாக்கோடு இருக்கின்றன. .22 ரிம்ஃபயரில் (அடி விளிம்பில் தட்டி வெடிக்கும் சின்னத் தோட்டா) மானைச் சுடக் கூடாது, மற்றபடி .30-30 என்ற தோட்டா தாராளமாகச் செல்லும். எல்லையைத் தாண்டி ஒஹாயோ போனால் கதை வேறு: ரைஃபிள் என்றால் மானுக்கு நேரான சுவர் கொண்ட (உறை வாய்ப்பக்கம் குறுகாத) தோட்டாதான் அனுமதி. .30-30-இன் கழுத்து குறுகுவதால் அது அங்கே ஆகாது, அதே காட்டில் .357 மேக்னம், .44 மேக்னம், .45-70 எல்லாம் ஆகும். இந்த விதியைக் கணக்கில் வைத்தே ரெமிங்டன் 2023-இல் .360 பக்ஹாமர் என்று லீவர் ரைஃபிளுக்கான நேர்சுவர்த் தோட்டாவைக் கொண்டுவந்தது. இரண்டு மாநிலத்திலும் வேட்டையாட நினைப்பவர் .44 மேக்னமோ பக்ஹாமரோ எடுத்தால் ஒரே துப்பாக்கியில் காரியம் முடியும்.

பென்சில்வேனியாவில் மட்டும் சுடப் போகிறவருக்கு என் பதில் .30-30தான், அதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. 1895-இல் வந்த தோட்டா, ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94-க்காகவே வந்தது. 150 கிரெய்ன் (சுமார் பத்து கிராம்) குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,400 அடி வேகத்தில் கிளம்பும். நூறு கெஜத்தில் குறி சரிசெய்து வைத்தால் இருநூறு கெஜத்தில் எட்டு அங்குலம் போலக் கீழே இறங்கிவிடும், ஆகவே 150 கெஜத்துக்கு அப்பால் நிற்கிற மானை விட்டுவிடுங்கள். அடர்ந்த காட்டில் அவ்வளவு தூரம் பார்வையே போகாது என்பதால் இது குறையாகத் தெரிவதில்லை. சோள வயலின் ஓரத்தில் உட்கார்ந்து முந்நூறு கெஜம் சுட வேண்டுமென்றால், வேறு ஒரு போல்ட்-ஆக்‌ஷன் (பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து ஏற்றும்) ரைஃபிளை வாங்கிக்கொள்ளுங்கள்.

.45-70 பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். முதல் ரைஃபிளாக அதை வாங்காதீர்கள். 1873-ஆம் வருடத்து ராணுவத் தோட்டா, கரடிக்கும் போதும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஏழு பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் இந்தக் கால வீரியமான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் தோள் கன்றிப்போகும், நாலாவது குண்டிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு டிரிக்கரை இழுக்கப் பழகிவிடுவீர்கள். அந்தப் பழக்கத்தைப் போக்குவது துப்பாக்கியைப் பழுது பார்ப்பதைவிடக் கஷ்டம். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. .45-70 தோட்டா மூன்று விதமான வீரியத்தில் கிடைக்கிறது: பழைய டிராப்டோர் (மேல்மூடியைத் திறந்து தோட்டா போடும்) துப்பாக்கிகள் தாங்குவது, இன்றைய லீவர் ரைஃபிள்கள் தாங்குவது, ரூகர் நம்பர் 1 போன்ற உறுதியான ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள் மட்டுமே தாங்குவது. மூன்றும் ஒரே அறையில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் இடம்) போய் உட்காரும், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும்.

குறி சுடுவதுதான் உங்கள் விருப்பம் என்றால் கைத்துப்பாக்கித் தோட்டா ரைஃபிளைப் பாருங்கள். .357 மேக்னம் ரைஃபிளில் .38 ஸ்பெஷலும் போடலாம், உதை இருப்பதே தெரியாது, சத்தமும் குறைவு, நூறு கெஜத்துக்குள் மேக்னத்தைப் போட்டு மானும் சுடலாம். கௌபாய் போட்டிகளில் (பழைய மேற்கத்திய பாணியில் குறி சுடுவது) பலர் கையில் இருப்பது இந்த வகைதான். முனை மட்டமாக வெட்டப்பட்ட வாட்கட்டர் தோட்டா மட்டும் சில ரைஃபிள்களில் சரியாக ஏறாமல் சிக்கும். அந்தப் போட்டிகளில் ஈயக் குண்டு மட்டும்தான், பக்கத்தில் இருக்கும் இரும்புத் தகட்டில் செப்பு உறை போட்ட குண்டை அடித்தால் சிதறல் திரும்பி வரும். கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா உருவங்களைத் தள்ளிவிடும் சில்லவெட் போட்டி எனக்குப் பிடித்தது, நிதானமாக நின்று சுட வேண்டியது. எந்தப் பக்கம் போனாலும் கூடவே ஒரு .22 லீவர் இருந்தால் நல்லது. பயிற்சி எல்லாம் அதில்தான் மலிவாக நடக்கும்.

குழாய் மேகசினுக்கு என்று ஒரு எச்சரிக்கை உண்டு, தெரிந்தவர்களுக்குப் பழசு, புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பேரலுக்குக் கீழே இருக்கும் குழாயில் தோட்டாக்கள் வரிசையாக, ஒன்றின் மூக்கு முன்னதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில், தட்டினால் தீப்பிடிக்கும் பகுதி) இடிப்பது போல நிற்கின்றன. கூர்முனைக் குண்டைப் போட்டால், சுடும்போது வரும் அதிர்ச்சியில் அந்த முனையே முன்னால் இருக்கும் பிரைமரைக் குத்தி வெடிக்கச் செய்யலாம், அதுவும் உங்கள் இடது கை பிடித்திருக்கிற இடத்தில். அதனால் மட்டமான அல்லது உருண்டையான முனைதான். ஹார்னடி கம்பெனியின் லீவரெவல்யூஷன் தோட்டாவில் கூர்முனை இருந்தாலும் அது வளைந்து கொடுக்கும் ரப்பர் மாதிரியான பொருள், குழாயில் போடலாம். பிரவுனிங் பிஎல்ஆர் என்ற லீவர் ரைஃபிளில் பெட்டி மேகசின் என்பதால் இந்தக் கவலையே கிடையாது.

இப்போது கம்பெனி. வின்செஸ்டர் 94 எழுபது லட்சத்துக்கும் மேல் விற்ற ரைஃபிள். நியூ ஹேவன் ஆலை 2006-இல் மூடிய பிறகு இன்று ஜப்பானில் மிரோக்கு நிறுவனம் தயாரிக்கிறது, வேலைப்பாடு சுத்தமாக இருக்கும். 1982-க்கு முந்தைய 94-கள் காலித் தோட்டாவை நேராக மேலே எறியும், ஸ்கோப் வைப்பது தலைவலி. 1948-இல் வந்த மார்லின் 336 பக்கவாட்டில் எறிகிறது, மேல்பகுதி மூடித் தட்டையாக இருப்பதால் ஸ்கோப் அழகாக உட்காரும். அதோடு லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் போல்ட் (அறையைப் பின்னாலிருந்து மூடும் பகுதி) பின்னால் வந்துவிடும், பேரலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம். பழுது பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இதுதான் செல்லம். 2020-இல் மார்லின் பெயரை ரூகர் வாங்கி, அடுத்த வருடக் கடைசியில் தயாரிப்பைத் தொடங்கியது. ஹென்றி 1996-இல் தொடங்கிய நிறுவனம், 1860-ஆம் ஆண்டு ஹென்றி ரைஃபிளோடு பெயர்தான் ஒற்றுமை. அதன் .22 ரைஃபிளின் லீவர் வெண்ணெய் மாதிரி வழுக்கும்.

கண் சரியில்லாதவர்கள் சின்ன ஸ்கோப் போடட்டும், ஒன்று முதல் நான்கு மடங்கு தாராளம். மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பீப் சைட் (சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துக் குறிவைப்பது). ஸ்கோப் வைத்தால் ஹேமரை (பின்பக்கம் நிற்கும், விழுந்து தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தி) விரலால் எட்ட இடம் இருக்காது, பக்கவாட்டில் நீளும் ஒரு சின்ன நீட்டிப்பை மாட்ட வேண்டிவரும்.

அந்த ஹேமர்தான் லீவர் ரைஃபிளின் நிஜமான அபாயம். அறையில் தோட்டா இருக்க, மேலே நிற்கும் ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்து, டிரிக்கரை இழுத்து மெதுவாக இறக்க வேண்டும். விறைத்த விரல், தடித்த கையுறை, பனியில் நனைந்த இரும்பு என்றால் நழுவ எவ்வளவு நேரம் ஆகும்? பேரல் எப்போதும் தரையைப் பார்க்கட்டும், கையுறையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அதைவிட நல்லது, மரத்தடியில் போய் உட்காரும்வரை அறையில் தோட்டாவே ஏற்றாமல் இருப்பது. குறுக்குப் பொத்தான் சேஃப்டி உள்ள ரைஃபிள்களில் இன்னொரு வேடிக்கை. பொத்தானைத் தள்ள மறந்து டிரிக்கரை இழுத்தால் ஹேமர் விழும், டிக் என்று சத்தம் கேட்கும், குண்டு மட்டும் போகாது. மான் போய்விடும். நெஞ்சு படபடக்கிற நேரத்தில் இது அனுபவஸ்தர்களுக்கும் நடக்கும்.

தோட்டாவை வெளியே எடுப்பதும் கவனம் கேட்கும். பென்சில்வேனியாவில் குழாயில் தோட்டா இருந்தாலே அது நிரப்பிய துப்பாக்கிதான், அப்படி வண்டியில் வைக்கக் கூடாது. ஹென்றியில் முன்பக்கக் குழாயை உருவிக் கொட்டிவிடலாம், அப்புறம் அறையை மட்டும் காலி செய்தால் போதும். பக்கவாசல் (தோட்டாவை நுழைக்கும் பக்கவாட்டுத் துவாரம்) மட்டும் உள்ள ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவையும் லீவர் அடித்தே வெளியே தள்ள வேண்டும், அதாவது ஒவ்வொன்றாக அறை வழியாகப் போகிறது. விரல் டிரிக்கருக்கு வெளியே, பேரல் மண்ணை நோக்கி, வெளியே விழுந்ததை எண்ணிப் பாருங்கள். ஐந்து போட்டீர்கள், நான்குதான் கிடைத்தது என்றால் உள்ளே ஒன்று இருக்கிறது. நிரப்பும்போது ஒரு சின்ன வித்தை: தோட்டாவை வாசலுக்குள் முழுதாகத் தள்ளாமல் அடிப்பகுதி கொஞ்சம் வெளியே இருக்கும்படி விட்டு, அடுத்த தோட்டாவின் மூக்கால் அதைத் தள்ளுங்கள், கடைசித் தோட்டாவுக்கு மட்டும் கட்டைவிரல் கடி வாங்கும்.

பழையது வாங்கும்போது திருகுத் தலைகளைப் பாருங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவரால் சிதைத்திருந்தால், தெரியாதவர் உள்ளே கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். லீவரை மூடியபின் தொளதொளவென்று தொங்கக் கூடாது. பாதியில் நிறுத்தாமல் முழு வீச்சில் அடித்தும் தோட்டா சிக்கினால் கேரியர் (தோட்டாவை அறைக்குத் தூக்கிவிடும் பகுதி) தேய்ந்திருக்கலாம், செலவு வைக்கும். அப்புறம், காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஹேமரை முழுதாக இழுத்து நிறுத்தி, டிரிக்கரைத் தொடாமல் கட்டைவிரலால் ஹேமரை முன்னால் அழுத்துங்கள். விழவே கூடாது. ஹேமர் பாதி வழியில் நிற்கும் பாதி நிலை உள்ள பழைய மாடல் என்றால் அந்த நிலையில் வைத்து டிரிக்கரை இழுத்தும் பாருங்கள், அப்போதும் விழக் கூடாது. இந்தச் சோதனைக்கு விற்பவர் தயங்கினால், துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.