கேம்பேட் வந்த பெட்டியை உடனே எறியாதீர்கள்

கணினி விளையாட்டுக்காக இரு கையாலும் பிடித்து ஆடும் கருவிதான் கேம்பேடு. விலை குறைந்த கேம்பேடில் முதலில் கெடுவது கட்டைவிரலால் ஆட்டுகிற ஸ்டிக்தான். பட்டன் அமுங்காமல் போவது குறைவு. ஒயர் அறுந்து வருவது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மற்றபடி குன்னூரில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிறவை பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வருகின்றன: "அண்ணா, நான் தொடவே இல்லை, வண்டி தானாகவே இடது பக்கம் இழுக்கிறது." வாங்கும்போதோ, விளக்கு எத்தனை நிறத்தில் எரியும், டர்போ பட்டன் (அழுத்திப் பிடித்தாலே அடுத்தடுத்துத் தட்டியதாகக் கொள்வது) உண்டா என்றுதான் கேட்கிறார்கள். ஸ்டிக்குக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலர்.

நான் சொல்வது ஏறத்தாழ 700 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை விற்கும் கேம்பேடுகளைப் பற்றி. இந்த விலையில் நல்லதே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விலைக்குத் தர வேண்டுமென்றால் தயாரிப்பாளர் எங்காவது கை வைத்தாக வேண்டும். எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். 3,999 ரூபாயை அடித்துவிட்டு 1,199 என்று போட்டிருந்தால் 2,800 ரூபாய் மிச்சம் என்று மகிழ வேண்டாம்; அதன் விலையே 1,199தான்.

பழைய கேம்பேடு ஒன்றின் முதுகைத் திறந்தால் விஷயம் எளிதில் புரியும். திருகுகளைக் கழற்றி (ஒன்றிரண்டு ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும்) மூடியைப் பிரித்தால், சர்க்யூட் பலகையின் மேல் சிறிய உலோகக் கூடுகள் இரண்டு தெரியும். ஸ்டிக்கின் அடிப்பாகம் அவற்றுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டின் இரு பக்கங்களிலும் ஒட்டினாற்போல ஒரு பிளாஸ்டிக் டப்பி, பெரும்பாலும் பச்சை நிறத்தில். அதுதான் பொட்டென்ஷியோமீட்டர். ஒன்று இடம் வலம் அசைவதை அளக்கிறது, மற்றது மேல் கீழ். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருந்ததும் இதே சாதனம்தான். உள்ளே கார்பன் பூசிய ஒரு தடம். அதன் மேல் உரசிக்கொண்டே ஓடும் மெல்லிய உலோக நாக்கு. ஸ்டிக் நடுவில் நிற்கும்போது மின்னழுத்தம் சரிபாதியாக இருக்க வேண்டும். உரசி உரசித் தடம் தேயும்போதும், தேய்ந்த கரித்தூள் நாக்குக்கு அடியில் சேரும்போதும் அந்தப் பாதி பாதியாக இருப்பதில்லை. கணினியோ நீங்கள் லேசாகச் சாய்த்துப் பிடித்திருப்பதாக எண்ணிக்கொள்கிறது. டிரிஃப்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

எந்த ஊரிலும் இது நடக்கும். நீலகிரியில் இதோடு ஈரமும் சேர்கிறது. ஜூன் பிறந்தால் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் துணி காயாது. அக்டோபருக்குப் பிறகு குன்னூர், கோத்தகிரி பக்கம் அதே கதை. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் திறந்து பார்ப்பவற்றில் ஸ்டிக்கின் சுருள்வில்லில் துரு, பட்டனுக்கு அடியிலுள்ள செப்புத் தடத்தில் பச்சைப் பூப்பு, ரப்பர் தகட்டில் பிசுபிசுப்பு எல்லாம் சாதாரணம். அழுக்கு விரலும் முறுக்குத் தூளும் தனி. மழைக்காலத்தில் ஆடி முடித்ததும் ஒரு மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் குறையும். அந்தப் பொட்டலம் புது செருப்புப் பெட்டியிலேயே கிடைக்கிறது.

உரசலே இல்லாத ஸ்டிக்கும் உண்டு. ஸ்டிக்கின் தண்டோடு ஒரு சிறு காந்தம் நகரும். எதிரிலுள்ள சென்சார் காந்தப்புலத்தின் மாற்றத்தைத் தொடாமலே அளக்கும். ஹால் சென்சார் என்பது இதுதான். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு இது. 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் என்ற விளையாட்டுக் கருவியின் கேம்பேடிலேயே இதைப் பயன்படுத்தினார்கள். அப்புறம் வெகுகாலம் மலிவான கார்பன் தடமே சந்தையை ஆண்டது. இப்போது 2,000 ரூபாய்க்குள்ளும் ஹால் ஸ்டிக் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. கையிலிருக்கும் பணத்தில் விளக்கும் டர்போவும் வேண்டுமா, ஹால் ஸ்டிக் வேண்டுமா என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பதை ஊன்றிப் படியுங்கள். 'ஹால் எஃபெக்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, டிரிகருக்கு (முன்விளிம்பில் ஆள்காட்டி விரலால் அழுத்தும் விசை) மட்டும் அதை வைத்து, ஸ்டிக்குக்குப் பழைய கார்பன் தடத்தையே வைக்கும் சாமர்த்தியம் சந்தையில் இருக்கிறது. 'ஸ்டிக்' என்ற சொல்லும் 'ஹால்' என்ற சொல்லும் ஒரே வரியில் வருகிறதா என்று பாருங்கள். ஹால் வைத்ததாலேயே ஆயுளுக்கும் கெடாது என்றும் இல்லை. சுருள்வில் தளரும், பிளாஸ்டிக் தேயும். தடம் தேய்ந்து வரும் டிரிஃப்ட் மட்டும் வராது.

பார்சல் வந்ததும் செய்ய வேண்டிய சோதனைக்கு வருகிறேன். குளிர்ந்த காலையில் வந்த பெட்டியைச் சூடான அறையில் பிரித்ததுமே செருகாதீர்கள். அரை மணி நேரம் அந்த அறையிலேயே வைத்துவிட்டு, நீர் வியர்த்திருந்தால் அது உலர்ந்த பிறகு இணையுங்கள். பிரிப்பதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸில் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் கேம் கன்ட்ரோலர்களைச் சோதிக்கும் சாளரம் ஒன்று பல்லாண்டுகளாக இருக்கிறது. பிரவுசரிலேயே சோதிக்கும் பக்கங்களும் உள்ளன. பிரவுசர் சோதனையில் ஸ்டிக்கின் நிலையை எண்ணாகக் காட்டும்: நடுவில் பூஜ்யம், விளிம்பில் ஒன்று.

ஸ்டிக்கைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். பிறகு ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுதாகத் தள்ளி, சட்டென விட்டுவிடுங்கள். நான்கு பக்கமும் இப்படி. ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கு அருகே திரும்ப வேண்டும். 0.05 வரை நான் பொருட்படுத்துவதில்லை. புதுப் பொருள் 0.1க்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்பச் சொல்வேன். "விளையாட்டில் ஒன்றும் தெரியவில்லையே" என்று பையன்கள் வாதாடுவார்கள். தெரியாததற்குக் காரணம் உண்டு. நடுவைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தை விளையாட்டுகள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். டெட் ஸோன் என்று பெயர். ஸ்டிக்கின் முழு அளவு 32,767 என்றால், இடது ஸ்டிக்குக்கு 7,849, வலதுக்கு 8,689 என்று மைக்ரோசாஃப்ட் நிரலர்களுக்குக் கொடுத்திருக்கும் மாதிரி அளவு ஏறக்குறைய கால் பங்கு வருகிறது. அந்தப் போர்வைக்குள் சிறிய டிரிஃப்ட் மறைந்துகொள்ளும். டெட் ஸோனைக் குறைத்து எழுதிய வேறொரு கார் விளையாட்டைத் திறந்ததும் குட்டு வெளிப்படும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் இருக்கிறது. ஸ்டிக்கை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். வெகுதூரம் நகர்ந்தும் எண் அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாகத் தாவினால், டிரிஃப்டை மறைக்கக் கேம்பேடின் உள்நிரலிலேயே பெரிய டெட் ஸோன் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கு அது உதவாது.

டிரிகரையும் அப்படியே மெதுவாக அழுத்துங்கள். எண் படிப்படியாக ஏற வேண்டும். பூஜ்யத்திலிருந்து நேரே உச்சிக்குத் தாவினால் அது டிரிகர் வேடம் போட்ட பட்டன். கார் விளையாட்டில் அரை ஆக்ஸிலரேட்டர் கிடையாது, ஓடினால் முழு வேகம்தான். இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸின் அந்தப் பழைய சோதனைச் சாளரத்தில் இரண்டு டிரிகரும் ஒரே கோட்டில் எதிரெதிர்த் திசையில் நகர்வதாகக் காட்டலாம். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நடுவுக்கு வந்து நிற்கும். அது பழுது இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360 என்ற மைக்ரோசாஃப்ட் விளையாட்டுக் கருவியின் வகைக் கேம்பேடுகளை டைரக்ட்இன்புட் என்னும் பழைய முறை அப்படித்தான் படிக்கிறது. நல்ல கேம்பேடை இதற்காகத் திருப்பி அனுப்பிவிட்டு வருத்தப்பட்டவர்களும் உண்டு.

அந்தப் பழைய முறையைச் சொன்னதால் இதையும் கவனியுங்கள். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்இன்புட் முறையைத்தான் இன்றைய கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை எதிர்பார்க்கின்றன. டைரக்ட்இன்புட் மட்டும் தெரிந்த கேம்பேடைச் செருகினால் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாது, அல்லது பட்டன்கள் இடம் மாறி வேலை செய்யும். ஸ்டீம் போன்ற மென்பொருளின் உதவியோடு சமாளிக்கலாம். ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு அந்தத் தலைவலி எதற்கு? இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. லாஜிடெக் எஃப் 310இல் இதற்கென்றே எக்ஸ், டி என்று மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் பின்னால் இருக்கிறது. அதில் அதிர்வு மோட்டார் கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஒயர் வேண்டுமா, ஒயர்லெஸ்ஸா? இந்த விலையில் ஒயர்தான் என் கட்சி. பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் போகிற காசு ஸ்டிக்குக்குப் போகட்டும். ஒயர்லெஸ்தான் வேண்டும் என்றால், டாங்கிளை (கேம்பேடின் ரேடியோ அலையை வாங்கிக் கணினிக்குத் தரும் சிறு செருகி) யூஎஸ்பி 3.0 துளையில், குறிப்பாக வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும் துளைக்குப் பக்கத்தில், செருகாதீர்கள். யூஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது என்று இன்டெல் 2012இலேயே விளக்கி எழுதியிருக்கிறது. "அடிக்கடி விட்டு விட்டு வேலை செய்கிறது" என்று கொண்டுவந்தவர்களில் சிலருக்கு, டாங்கிளை வேறு துளைக்கு மாற்றிக் கொடுத்ததே வைத்தியம். பேட்டரி உள்ளதை ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி இரவில் காரிலேயே விட்டுவிட்டு, காலையில் எடுத்ததும் சார்ஜில் போட வேண்டாம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குடிக்கும்.

பெட்டியில் 1,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு ஆயிரம் முறை கணினிக்குச் செய்தி அனுப்பும்) என்று போட்டிருப்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சாதாரண 125 ஹெர்ட்ஸ் கேம்பேடு 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையோ 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றுகிறது. வீட்டில் ஆடுகிறவருக்கு அது போதும்.

சமவெளியில் இருப்பவருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் வருவது திருப்பி அனுப்புவதில்தான். ஏழு நாள் கெடு என்பது கோவையில் ஏழு நாள். மஞ்சூருக்கோ கீழ்கோத்தகிரிக்கோ பார்சலைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் வருவதே சந்தேகம். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் அதுவும் இல்லை. சில ஊர்களின் பின்கோடுக்குத் திரும்பப் பெறும் வசதியே இருக்காது. ஆகவே பணம் கட்டும் முன்பே அந்த வசதி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் ஐம்பது, நூறு கூடினாலும் பஜாரில் ஒரு கடையில் செருகிச் சோதித்து வாங்குவதே லாபம். உத்தரவாதம் ஓராண்டு என்றிருந்தாலும், சர்வீஸ் மையத்துக்கு மலையிறங்க வேண்டியிருந்தால் போகவர ஆகும் செலவில் பாதிக் கேம்பேடு வாங்கிவிடலாம்.

"ஆன்லைனில் வாங்கியது, ஒன்றும் செய்ய முடியாது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். டிரிகரில் மட்டும் ஹால் வைத்துவிட்டு ஸ்டிக்கிலும் இருப்பதாக விளம்பரம் செய்திருந்தால், அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து வைத்திருப்பவரின் கை ஓங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் விலையும் அச்சிடாத பெட்டியில் வரும் பொருளுக்கு, யார் மேல் புகார் கொடுப்பீர்கள்? அதனால்தான் பெட்டியை எறியாதீர்கள் என்கிறேன்.

ஏற்கெனவே டிரிஃப்ட் வந்துவிட்ட கேம்பேடை வைத்திருப்பவர்களுக்கு: கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை ஸ்டிக்குக்குள் அடிக்காதீர்கள். இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரியும். பிறகு எண்ணெயில் தூசி குழைந்து பழையதைவிட மோசமாகும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரையோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலையோ கொஞ்சமாக விட்டு, ஸ்டிக்கைச் சுழற்றி, நன்றாக உலர விடுங்கள். சேர்ந்தது தூசியாக இருந்தால் சரியாகும். தடமே தேய்ந்திருந்தால் ஸ்டிக்கை முழுதாக மாற்ற வேண்டும். ஒரு ஸ்டிக்குக்கு 14 பற்றவைப்புகளை எடுத்துப் புதியதைப் பொருத்த வேண்டும். உதிரி மலிவு, கைவேலைதான் செலவு. 800 ரூபாய் கேம்பேடுக்கு அந்தச் செலவைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2,000 ரூபாய் கேம்பேடு என்றால், மற்ற எல்லாம் நன்றாக இருக்கும்பட்சத்தில், மாற்றிவிடலாம் என்பேன். அதே கூட்டில் பொருந்தும் ஹால் ஸ்டிக்குகளும் வருகின்றன, ஆனால் பொருத்திய பிறகு நடுப்புள்ளியை அளந்து சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.