கயிறு வீசும் பற்றீரியா

முள்ளியவளையில் பெரியம்மா எருமைப்பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முட்டியில் ஊற்றி உறைமோர் விடுவார். விடிந்ததும் முட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாது. சில நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளை கிண்ணத்தோடு வந்து நிற்கும். "அம்மா ஒரு கரண்டி உறைமோர் வாங்கிவரச் சொன்னவ." கொடுத்தால் இங்கே ஒன்றும் குறையாது. அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்.

பற்றீரியாக்கள் டிஎன்ஏயைக் கைமாற்றுவதும் ஏறக்குறைய இப்படித்தான். இதற்கு இணைதல் என்று பெயர். பேர்தான் அப்படி, பிள்ளை எதுவும் பிறக்காது. 1946இல் ஈ. கோலை என்ற குடல் பற்றீரியாவில் இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகளான லெடர்பேர்க்கும் டேட்டமும். லெடர்பேர்க்குக்கு அப்போது 21 வயது.

கொடுக்கும் கலத்தில் முதன்மை டிஎன்ஏயைத் தவிர பிளாஸ்மிட் என்ற சின்ன வளையம் ஒன்று இருக்கும். ஈ. கோலையில் இருக்கும் எஃப் எனும் பிளாஸ்மிட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் சோடி டிஎன்ஏ எழுத்துகள். இங்கே கிண்ணத்தோடு யாரும் வருவதில்லை. கொடுப்பவரே கயிறு வீசுவார். பைலஸ் எனும் அந்தப் புரதக் கயிறு அக்கம்பக்கத்தைத் துழாவும், ஒரு கலத்தில் பட்டதும் சுருங்கி அதைக் கிட்ட இழுக்கும். அப்புறம் ஒரு நொதியம் வளையத்தின் இரண்டு இழைகளில் ஒன்றைக் குறித்த இடத்தில் வெட்டி, வெட்டுமுனையைப் பிடித்தபடியே அடுத்த கலத்துக்குள் நுழைகிறது. இழை பின்னாலேயே அவிழ்ந்து போகும். இரு கலங்களும் தம்மிடம் இல்லாத சோடி இழையைப் புதிதாகக் கட்டிக்கொள்கின்றன. சில நிமிட வேலை. வாங்கிய கலமும் இனிக் கயிறு வீசலாம். ஏற்கெனவே வளையம் வைத்திருக்கும் கலமோ மேற்பரப்புப் புரதத்தால் வாசலை அடைத்துவிடும்.

பாலை உறையவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பற்றீரியாவுக்கு இந்தக் கயிறு கிடையாது, ஒட்டித் திரண்டு நின்றே மாற்றிக்கொள்ளும். பாற்சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்கள் அதற்குப் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில்தான். அதைத் தொலைத்த கலம் பாலுக்குள் கிடந்தும் சரியாக வளராது. ஒட்டிநிற்கும் கலத்திடமிருந்து திரும்ப வாங்கினால் பிழைத்துக்கொள்ளும். பெரியம்மாவின் முட்டிக்குள்ளும் இது நடக்கக்கூடும்.

சரி, தயிரோடு நின்றால் பரவாயில்லை. 1950களில் ஜப்பானில் வயிற்றுளைவுக் கிருமியான ஷிகெல்லா ஒரேயடியாக நான்கு வகை மருந்துகளுக்கு மசியாமல் போனது. ஒவ்வொன்றாகப் பழகியிருந்தால் அவ்வளவு விரைவில் முடியாது. நான்குக்குமான எதிர்ப்பும் ஒரே வளையத்தில் இருந்தது. குடலில் இருக்கும் ஈ. கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையே அது கைமாறியது. வேறு இனம் என்ற பேதம் கயிற்றுக்குக் கிடையாது. ஒரு மாத்திரையைக்கூடக் கண்டிராத கிருமி அந்த மாத்திரையைத் தாங்கப் பழகுவது இப்படித்தான்.