தொட்டிலில் கிடக்கும் சாமி

ஈரோட்டில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன்.

கோபிப் பக்கமிருந்து ஓர் இளம்பெண் மாமியாரோடு வந்திருந்தார். மடியில் மூன்று மாதக் குழந்தை. தடுப்பூசி போட்ட அன்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. ராத்திரியெல்லாம் முழங்கால் போட்டு ஜெபம். ஒருமுறை மன்னிப்புக் கேட்பார், சரியாகக் கேட்டோமா என்று சந்தேகம் வரும், மறுபடி முதலிலிருந்து. "நான் உருவானதே பாவத்துலதானுங்க. எம் புள்ளைக்கு அது ஒட்டாம இருக்குமுங்களா? இன்னும் ஞானஸ்நானம்கூடக் குடுக்கலீங்க" என்று அழுதார்.

நானும் ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்தவள்தான். அவர் எந்த வசனத்தைச் சொல்கிறார் என்று தெரிந்தது: வேதாகமத்தின் 51ஆம் சங்கீதம், 'என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்'. ஒருவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் சாகவைத்த தாவீது ராஜா, நெஞ்சு வெடித்துப் பாடியது என்றுதான் அதன் தலைப்பே சொல்கிறது. வளர்ந்த ஆண் தன் கொடுமையை நினைத்து அழுத அழுகையை, பால் குடிக்கிற பிள்ளையின் தலையில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

பிறக்கும்போதே குற்றத்தோடு பிறக்கிறோம் என்ற ஜென்ம பாவக் கொள்கையை அழுத்தமாக வகுத்தவர், 430இல் மறைந்த கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின். கிறிஸ்தவர்கள் எல்லாருமே அதை அப்படி ஏற்கவில்லை. ஆர்த்தடாக்ஸ் எனப்படும் கிழக்கத்திய மரபுத் திருச்சபைகள், ஆதாமால் சாவு நம்மிடம் வந்தது, அவன் குற்றம் வரவில்லை என்கின்றன. வேதாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனுஷன் தேவசாயல். படைத்ததெல்லாம் 'மிகவும் நன்றாயிருந்தது'. பாவம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. 'உள்ளம் பெருங்கோயில்' என்ற திருமூலர் வாக்கோடு இது எனக்கு முட்டவில்லை.

இதையெல்லாம் அன்று அவரிடம் நான் சொல்லவில்லை. குழந்தை சிணுங்கியது. தோளில் போட்டு, "என்ற சாமி, ஏஞ் சாமி அழுவறே" என்று தட்டினார். நம் பக்கத்தில் எல்லாத் தாயும் சொல்வதுதான்.

"இப்ப என்னன்னு கூப்பிட்டீங்க, அம்மிணி?" என்று கேட்டேன்.

தட்டிய கை நின்றுவிட்டது. "உன்னையும் உங்கம்மா அப்படித்தானே கூப்பிட்டிருப்பா" என்றார் மாமியார்.

உள்ளே கடவுள் இருக்கிறார் என்பது செய்த தப்புக்குத் திரை போடுவதில்லை. மனைவியை அடித்துவிட்டு 'நானும் தெய்வாம்சம்தான்' என்று பேசியவரையும் பார்த்திருக்கிறேன். தப்பு செய்தேன் என்று வருந்துகிறவர் போய் மன்னிப்புக் கேட்கலாம், ஈடு செய்யலாம். நானே தப்பு என்று நம்புகிறவருக்குச் செய்ய எதுவுமே இருக்காது. முதலாவது மனசாட்சி, இரண்டாவது மனசைத் தின்கிற நோயாகவும் இருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும், ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயும். மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். பால் கொடுக்கிற தாய் என்பதைப் பார்த்து மாத்திரை கொடுத்தார். அவர் சபை ஆயரும் பொறுமையாகப் பேசினார். தூக்கம் திரும்ப சில வாரங்கள் ஆயின. ஜெபத்தை அவர் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. ஒருமுறை ஜெபித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

வீட்டில் யாராவது ஓயாமல் மன்னிப்புக் கேட்டால், தூங்காமல் அழுதால், "விசுவாசம் பத்தலை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று பேசினால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 14416 அரசின் இலவச மனநல உதவி எண். ராத்திரி எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.